அண்ணியின் முதுகுக்குப் பின்னால் ஒரு ஜன்னல்

தேகு நகரத்துப் பெரிய சந்தையின் இரண்டாம் மாடியில் இருபத்தாறு வருஷமாகத் திரைச்சீலைக் கடை வைத்திருக்கிறேன். அத்தனை வருஷத்தில் என் அண்ணன் பில்குன் துணி கேட்டு வந்தது போன ஜனவரியில்தான்.

அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அண்ணி மால்சூனுக்கு மூன்று வயதில் வந்த காய்ச்சலோடு கேட்கும் சக்தி போய்விட்டது. இரண்டு பேருக்கும் பேச்செல்லாம் கையால்தான். வாயால் பேசப் பழகிய வயதிலேயே தங்கையான நானும் அண்ணனோடு கையால் பேசப் பழகிவிட்டேன்.

"வெயில் வரணும், வெளிச்சம் வரக் கூடாது. அப்படி ஒரு துணி கொடு" என்றார்.

"ரெண்டும் சேர்ந்தே வர்றதுண்ணே. நான் எதைத் தடுக்கிறது?"

"இத்தனை வருஷமா என்ன கடை நடத்துற நீ?"

ஏன் என்று கேட்டால் சொல்லவில்லை. "ஒரு தடவை வந்து அளந்து பாரு. நான் கேட்டேன்னு அண்ணிகிட்ட சொல்லிடாதே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மூக்குக்கண்ணாடிச் சட்டங்களுக்கு மெருகேற்றும் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர் அண்ணன். காது கேட்கிறவர்கள் ஓடிப்போகிற இரைச்சலில் நிம்மதியாக நின்று வேலை செய்தார். அண்ணி காலுறைத் தொழிற்சாலையில் குனிந்தபடி விரல்முனை தைத்தவள். அவர்கள் குடியிருந்த பழைய சந்து வீட்டில் இருந்தது ஒரே ஜன்னல். அதைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் செங்கல் சுவர். பகலிலும் விளக்கு எரியும். அண்ணன் கடைக்கு வருவதற்கு ஐந்து மாதம் முன்புதான் பன்னிரண்டாவது மாடிக்கு மாறினார்கள். தெற்கே பார்த்த கூடம். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி.

ஞாயிற்றுக்கிழமை அளவு நாடாவோடு போனேன். அண்ணி சர்க்கரைவள்ளிக்கிழங்கு சுட்டு வைத்திருந்தாள். அண்ணன் பார்லி டீ போட உள்ளே போனார். அண்ணி கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தாள். நான் எதிரே அண்ணன் வழக்கமாக உட்காரும் சிறு மெத்தையில் உட்கார்ந்தேன்.

அவள் ஏதோ சொன்னாள். எனக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னாள். சுற்றிலும் வெயில் கொதிக்க, நடுவில் கறுப்பாக ஓர் உருவம். விரலும் தெரியவில்லை, முகமும் தெரியவில்லை. முப்பத்துநாலு வருஷமாக எனக்குப் பழகிய கைகள் அவை.

அண்ணன் டீயோடு வந்தபோது நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டுபிடித்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

நான் எழுந்துபோய் அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்: "அண்ணி, நீங்க இங்க உட்கார்ந்து பேசினா அண்ணனுக்கு ஒண்ணுமே தெரியாது."

அண்ணி வெளிச்சம் கையில் படும்படி பக்கவாட்டில் திரும்பி, தரையை இரண்டு தட்டு தட்டி அவரைத் திரும்ப வைத்தாள். "எவ்வளவு நாளா?"

"வந்ததிலிருந்து."

"அப்போ தலையாட்டினதெல்லாம்?"

"உன் கை நின்னதும் ஆட்டுவேன்."

"என் தங்கச்சி ஒரு மாசம் வந்து தங்கட்டுமான்னு கேட்டேன், ஆட்டினீங்களே! நாளன்னிக்கு வர்றா!"

அண்ணன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணி சிரிக்கவில்லை. கையை மடிக்குள்ளேயே வைத்துச் சின்னதாகச் சொன்னாள்: "என் பேச்சு அலுத்துப்போச்சுன்னு நினைச்சேன். பாதியைச் சோத்தோட சேர்த்து முழுங்கிட்டேன்."

அண்ணன் டீயைக் கீழே வைத்துவிட்டு அவள் முன்னால் வந்து மண்டியிட்டார். "வெயில் பட்டா உன் முதுகு வலி குறையுது. இங்க உட்கார்ந்தா உன் தோள் ரெண்டும் கீழ இறங்கிடுது. இருட்டா தெரிஞ்சாலும் அது எனக்குத் தெரியும். கல்யாணம் ஆன நாள்லருந்து அப்படிப் பார்த்ததே இல்ல. எழுந்திருன்னு எப்படிச் சொல்றது?"

அண்ணி அவர் கையிரண்டையும் பிடித்துக்கொண்டாள். கையைப் பிடித்துவிட்டால் இருவருமே பேச முடியாது. நான் ஜன்னலை அளந்தேன்.

மறுநாள் இருவரும் கடைக்கு வந்தார்கள். அண்ணியின் கண் நேரே பெரிய பூப்போட்ட துணியில் விழுந்தது. அதைத் தொங்கவிட்டு அவளை முன்னால் நிறுத்திப் பேசச் சொன்னேன். அண்ணன் கண்ணைச் சுருக்கினார். "பூவுக்குள்ள விரலைத் தேட வேண்டியிருக்கு." வெள்ளைத் துணியில் இன்னும் மோசம். மூன்றாவதாக, பூ எதுவும் இல்லாத பாசிநிறக் கனத்த துணி. அண்ணி அதன் முன்னால் நின்று சரசரவென்று என்னவோ சொன்னாள். அண்ணனின் காது சிவந்தது.

"வழுக்கை மண்டைன்னு சொன்னதை நானும் பார்த்தேன். அதுக்கப்புறம் என்ன சொன்னீங்க அண்ணி?" என்றேன்.

"அதெல்லாம் கடையில வச்சு இன்னொரு தடவை சொல்ல மாட்டேன். இதையே வெட்டு, நாத்தனாரே."

கம்பி மாட்ட ஆள் வேண்டாம் என்று அண்ணனே துளை போட்டார். தான் எழுப்பும் சத்தம் அவருக்குத் தெரியாதே! மூன்றாவது துளையில் கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வந்துவிட்டார். அண்ணி அவர் கையில் சர்க்கரைவள்ளிக்கிழங்கைத் திணித்து அனுப்பினாள். துணி தரையிலிருந்து ஒரு விரல் மேலே நின்றது. ஓரங்களில் வெளிச்சம் கசியவில்லை.

மூன்று மணி வரைக்கும் ஜன்னல் அண்ணியுடையது. வெயிலில் முதுகைக் காய வைத்துக்கொண்டு பூண்டு உரிப்பாள். அண்ணன் பூங்காவில் நடந்துவிட்டு வந்து, செருப்பைக் கழற்றிய கையோடு திரையை இழுத்து மூடி, எதிரே உட்காருவார். பிறகு அன்றைய கதை முழுக்க நடக்கும். அவருக்கு விருப்பமில்லாவிட்டாலும் நடக்கும்.

கடையிலிருந்து திரும்பும்போது சில நாள் அவர்களைப் பார்க்க நினைத்து அந்த நிறுத்தத்தில் இறங்குவேன். அண்ணாந்து பார்த்தால் பன்னிரண்டாவது மாடியில் பாசிநிறத் திரை மூடியிருக்கும். அப்போது மேலே ஏறாமல், அடுத்த பஸ் பிடித்து என் வீட்டுக்குப் போய்விடுவேன்.