கேமரா மேல் சிவப்பு ஸ்டிக்கர்

சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். மதியம் தண்டலம் கல்லூரியில் என் உரை: ஹாலந்தின் முதல் சினிமாக்காரர்களில் ஒருவரைப் பற்றி. ஷிப்ட் முடிந்து வந்த ஒரு பெண் பக்கத்தில் நிற்கிறார். அவருடைய போனின் கேமரா மேல் சிவப்பு ஸ்டிக்கர். உள்ளே யாரும் படம் எடுக்கக் கூடாதென்று கம்பெனி வாசலில் ஒட்டிவிடுவார்களாம்.

"வெளிய வந்ததும் உரிச்சிடலாமேம்மா?"

"நாளைக்கு மறுபடி ஒட்ட வரிசைல நிக்கணும்லா சார். அப்படியே கெடக்கட்டும்." பேச்சில் திருநெல்வேலி.

"உள்ள என்ன வேலை?"

"புது போன்ல கேமரா சரியா இருக்கான்னு டெஸ்ட் பண்ணுதேன். நாள் பூரா போட்டோதான்."

உற்சாகத்தில் என் உரையை அவரிடமே ஆரம்பித்துவிடுகிறேன். ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டியவர் அந்த டச்சுக்காரர். ஆலை வாசலில் கேமராவை நிறுத்தி, வேலை முடிந்து வருகிறவர்களைப் படம் பிடிப்பார். தங்கள் முகத்தைத் திரையில் பார்க்க அவர்களே டிக்கெட் எடுத்து வருவார்கள். கடைசியில் ஒரு படச்சுருள்கூட மிஞ்சவில்லை.

அந்தப் பெண் டீ கிளாசைக் கையில் வைத்தபடி யோசிக்கிறார்.

"ஆலை வாசல்லயா எடுத்தாரு? செக்யூரிட்டி ஒண்ணும் சொல்லலியா சார்?"

பத்து நாள் உட்கார்ந்து தயாரித்த உரையின் முதல் பக்கத்தில் இந்தக் கேள்வியை எழுதிக்கொள்கிறேன்.