முப்பத்தொன்றாம் எண்

ரத்தப் பரிசோதனைக்கு வருகிற ஜனங்களுக்கு வேறு என்ன வியாதி இருக்கிறதோ, ஒரு வியாதி மட்டும் எல்லோருக்கும் பொது. தாங்கள் சொல்வதை இதற்கு முன் யாரும் சொன்னதில்லை என்று நம்புவார்கள். கையை நீட்டியதும், "எல்லாத்தையும் உறிஞ்சிடாதீங்க, எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க" என்று சொல்லிவிட்டு, சிரிக்கிறோமா என்று நம் முகத்தைப் பார்ப்பார்கள். ஒரு நாளைக்கு நான்கு பேராவது இதைச் சொல்வார்கள். நான்கு பேருக்கும் சிரித்துத் தொலைக்க வேண்டும். நான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மெஷினைப் பார்த்துக்கொள்கிறவன், அதனால் தப்பித்தேன். ஊசியக்காவுக்குத் தப்ப வழியில்லை.

ஊசியக்கா எங்கள் லேபில் ரத்தம் எடுப்பவள். ஐம்பத்திரண்டு வயது, கனத்த உடம்பு, அதற்கு ஏற்ற குரல். நரம்பைக் கண்ணால் தேடமாட்டாள். ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டே ஆள்காட்டி விரலால் ஒரு தட்டுத் தட்டுவாள். அடுத்த நொடி குழாயில் ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும். "எனக்கு நரம்பே கிடைக்காது, போன தடவை மூணு இடத்துல குத்தினாங்க" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள், முடிந்துவிட்டது என்று தெரியாமல் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இந்த வசனங்களின் எரிச்சலுக்கு மருந்து கண்டுபிடித்ததும் அவள்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். பஞ்சு வைக்கிற அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் எழுதிவைத்தாள். 'மிச்சம் வைங்க' ஒன்று. 'எனக்கு ஒண்ணுமில்ல, டாக்டர் சொன்னாரேன்னுதான் வந்தேன்' ஐந்து. 'வெறும் வயித்துலதான் வந்திருக்கேன், காபி மட்டும் குடிச்சேன்' பன்னிரண்டு. 'அவசரமில்ல, ஆனா சீக்கிரம் குடுத்துட்டா நல்லா இருக்கும்' பத்தொன்பது. கையில் ரப்பரைக் கட்டிக்கொண்டே, "கவுண்ட்டர், பன்னிரண்டு!" என்று குரல் கொடுப்பாள். வெளியே பெயர் பதிகிற கவுண்ட்டர்க்காரி முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "பதிஞ்சாச்சுக்கா" என்பாள். நான் உள்ளே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன். உட்கார்ந்திருப்பவர் ஏதோ டெஸ்ட் பெயர் என்று மரியாதையாகத் தலையாட்டுவார்.

புது நம்பர் சேர்ப்பதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தோம். மூன்று பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். கதவில் எழுதுகிற உரிமை அக்காவுக்கு மட்டும். ஒன்பது வருஷத்தில் முப்பது சேர்ந்திருந்தது. அக்கா கவுண்ட்டர்க்காரியைக் 'கழுதை' என்றும் என்னைத் 'தம்பி' என்றும் கூப்பிடுவாள். அவள் திட்டினால் நாங்கள் அன்றைக்கு நன்றாக வேலை செய்தோம் என்று அர்த்தம்.

நான்கு வருஷத்துக்கு முன் அக்காவின் வீட்டுக்காரர் இறந்துபோனார். லிஃப்ட் மெக்கானிக். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குளிக்கப் போனவர் கதவைத் திறக்கவில்லை. பதினைந்து நாள் கழித்து வேலைக்கு வந்த அக்கா அரை நாள் வரைக்கும் நன்றாக இருந்தாள். பிறகு ஒரு குழந்தையின் கையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். கவுண்ட்டர்க்காரி ஓடிவந்து அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தாள்.

"எதையும் உள்ள வெச்சுக்காதீங்கக்கா. எப்ப தோணுதோ அப்ப சொல்லுங்க. என்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்லப்போறீங்க?"

நான் பக்கத்தில் இருந்தேன். அவள் மனதாரத்தான் சொன்னாள். அக்காவும் அதை நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? ஒரே மகள் தூர தேசத்தில். வாரத்துக்கு ஒருமுறை போனில் பேசுவாள். அப்பாவைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "அம்மா, பழசையே பேசாதம்மா" என்று வைத்துவிடுவாளாம். ஆக அந்த மனிதரைப் பற்றி வாய்விட்டுப் பேச அக்காவுக்கு இருந்தது எங்கள் இரண்டு பேரின் காது மட்டும்தான்.

பேசினாள். வீட்டில் குழாய் ஒழுகினால், "அவர் இருந்திருந்தா இது இப்படிக் கிடக்குமா?" மின்விசிறி சத்தம் போட்டால், "அவர் இருந்திருந்தா இது இப்படிக் கத்துமா?" லேபில் நாற்காலியின் கால் ஆடினால்கூட அதேதான். அந்த மனிதர் உயிரோடு இருந்தபோது எங்கள் நாற்காலியைச் சரிசெய்ய ஒருநாளும் வந்ததில்லை. முதல் வருஷம் நானும் கூடவே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மூன்றாவது வருஷம் காது புளித்துவிட்டது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, புளித்துத்தான் போயிருந்தது.

அக்கா காய்ச்சலில் இரண்டு நாள் லீவு போட்டபோது அது நடந்தது. சாப்பாட்டு நேரம். சுவர்க் கடிகாரம் நின்றுபோயிருந்தது. கவுண்ட்டர்க்காரி அதை அண்ணாந்து பார்த்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அக்காவின் குரலை அச்சாக எடுத்து, "அவர் இருந்திருந்தா இது இப்படி நிக்குமா?" என்றாள். பிறகு சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே சொன்னாள்: "முப்பத்தொண்ணு."

எனக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு வந்தது. 'சீ, இது தப்பு' என்று நான் சொல்லியிருக்கலாம். சட்டப்படி மூன்றாவது ஆளைக் கேட்க வேண்டும் என்றாவது சொல்லியிருக்கலாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை செஞ்சு காட்டு" என்றுதான் சொன்னேன்.

எட்டு மாதம் ஓடியது. அக்கா பேசுவாள். கவுண்ட்டர்க்காரி குனிந்தபடி உதட்டை மட்டும் அசைப்பாள். நான் மெஷின் பக்கம் திரும்பிக்கொள்வேன். அக்காவோ, என் கண் கலங்குகிறது என்று நினைத்து என் முதுகைத் தட்டிக்கொடுப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி இருக்கும். வெறும் வயிற்றுக் கூட்டம் போய் லேப் காலியாக இருந்தது. அக்கா பஞ்சு எடுத்துக்கொண்டே, மாடித் தொட்டி நிரம்பி வழிந்து பக்கத்து வீட்டுக்காரி சண்டைக்கு வந்த கதையைச் சொல்லி, வழக்கமான இடத்தில் முடித்தாள். மெஷின் இரைச்சலில் எனக்குக் கேட்காமல் போய்விடுமோ என்று கவுண்ட்டர்க்காரி கொஞ்சம் சத்தமாகவே, "முப்பத்தொண்ணு" என்றாள். பாழாய்ப்போன மெஷின் அந்த நொடியில் ஓட்டத்தை முடித்துக்கொண்டு நின்றது.

அக்கா திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"முப்பத்தொண்ணா? எனக்குத் தெரியாம எப்படி சேர்த்தீங்க, திருட்டுக் கழுதைங்களா? யாரு சொன்னது? என்ன சொன்னது?"

கோட்டுப் பையிலிருந்து மார்க்கரை எடுத்தாள். அலமாரிக் கதவை முழுக்கத் திறந்து, முப்பதாவதற்குக் கீழே 31 என்று போட்டு, ஒரு புள்ளி வைத்தாள்.

"சொல்லு, எழுதறேன்."

கவுண்ட்டர்க்காரி கம்ப்யூட்டரைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"காலையில வந்தாரே, பச்சைச் சட்டை, அவரா? ரொம்பப் பேசினாரே. இல்ல அந்தக் கொண்டை போட்ட அம்மாவா? ஆனா இப்ப எதுக்கு ஞாபகம் வந்துச்சு? இப்ப இங்க யாருமே..."

யாருமே இல்லையே என்று சொல்ல வந்தவள் நிறுத்தினாள். அறையைப் பார்த்தாள். காலி நாற்காலியைப் பார்த்தாள். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். சிரிப்பு உடனே போகவில்லை. போக வேண்டும் என்று அதற்குத் தெரியாத மாதிரி கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது. மார்க்கரின் மூடியை இரண்டு தடவை தவறவிட்டு, மூன்றாவது தடவை சரியாக மாட்டினாள்.

"எப்பலேருந்து?"

"ஐயோ அக்கா, சும்மா விளையாட்டுக்கு..."

"எப்பலேருந்துன்னு கேட்டேன்."

"எட்டு மாசம்" என்றேன் நான். அந்த ஒன்பது வருஷத்தில் கேட்டதற்கு நான் நேராகப் பதில் சொன்ன ஒரே சந்தர்ப்பம் அதுவாகத்தான் இருக்கும்.

அக்கா என்னை விட்டுவிட்டாள். கவுண்ட்டர்க்காரியைத்தான் பார்த்தாள். "நீதானேடி சொல்லச் சொன்ன?" என்றாள். குரல் எழும்பவில்லை. அதற்குப் பிறகு அவள் யாரையும் 'டி' போட்டுக் கூப்பிட்டு நான் கேட்கவில்லை.

மறுநாள் நேரத்துக்கு வந்தாள். "குட் மார்னிங் மேடம்" என்றாள் கவுண்ட்டர்க்காரியிடம். "இந்த ரெண்டு சாம்பிளும் அவசரம், சார்" என்றாள் என்னிடம். சார்! பளாரென்று ஒரு அறை விட்டிருந்தால் அன்று சாயங்காலத்துக்குள் எனக்கு மறந்திருக்கும். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் போய் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டாள். வருகிறவர்கள் என்ன சொன்னாலும் நம்பர் சொல்லவில்லை. "மிச்சம் வெச்சிருக்கேன், பயப்படாதீங்க" என்று பொறுமையாகப் பதில் சொன்னாள்.

நான் கவுண்ட்டர்க்காரி மேல் எரிந்து விழுந்தேன். எல்லாம் உன்னால் வந்தது என்றேன். அவள் கண் சிவக்கத் திருப்பிக் கேட்டாள்: "நாலு வருஷம் உக்காந்து கேட்டது யாரு? நீயா? அதுக்கு ஒரு மதிப்பும் இல்லையா?" அவள் கேட்டதும் நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்தை அக்கா முன்னால் போய்ச் சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை. அந்த 31-ஐ அழிக்க, நான் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக் கதவைத் துடைத்தேன். இருபத்தேழுக்குக் கீழே இருந்ததெல்லாம் நீலமாக இழுபட்டு, கதவு முன்பைவிட அசிங்கமானதுதான் மிச்சம்.

இரண்டு மாதத்தில் அக்கா வேறு கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். வீட்டிலிருந்து அது இன்னும் தூரம், இரண்டு பஸ் மாற வேண்டும். கடைசி நாள் சாயங்காலம் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பியபோது, கவுண்ட்டர்க்காரி மேஜையைச் சுற்றி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதுகொண்டேதான் பேசினாள்.

"இப்படிப் போகாதீங்கக்கா. நாலு அடி வேணும்னாலும் அடிங்க. ஒரு தடவை வாய்விட்டுத் திட்டிட்டுப் போங்க."

அக்கா பிடித்த கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். எந்தக் கையில் எடுக்கட்டும் என்று வருகிறவர்களிடம் கேட்பாளே, அந்தக் குரலில்தான் கேட்டாள்.

"உங்களைத் திட்டறதுக்கு நீங்க எனக்கு யாரு மேடம்?"

அடுத்து என் முறை என்று நினைத்துக் கண்ணாடிக்குப் பின்னால் எழுந்து நின்றேன். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை.