இழுத்து மாட்டிய ஸ்பிரிங்

சிக்கந்தர் பாட்சா பாய் மேல் எனக்கு ஏழு வருஷமாக ஒரு கோபம். என் மேல் தப்பில்லை என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். ஊர் கூடி உட்கார்ந்திருந்தபோது அவர் அதைச் சொல்லவில்லை.

எண்பத்தோராம் வருஷம், தை மாசம். வானூர்ப் பக்கம் சவுக்குத் தோப்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. தோப்பு முழுக்க மணல், லாரி உள்ளே போகாது. என்னிடம் ஒரு பழைய மிலிட்டரி பிக்கப் இருந்தது, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. கழியை ஏற்றி வந்து ரோட்டில் நிற்கிற லாரிக்கு மாற்றுவது என் வேலை. கூட வந்தவர் தாண்டவராயன், என் தங்கச்சி வீரம்மாள் புருஷன்.

ஏரிக்கரை ஏற்றத்தில் கழி கட்டிய கயிறு தளர்ந்துவிட்டது. வண்டியை முதல் கியரில் போட்டு நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக்கு செத்துப்போய் வருஷக்கணக்காகிறது. சக்கரத்துக்குக் கல் வைக்கவில்லை. ரெண்டு நிமிஷ வேலைதானே என்று மச்சான் பின்னால் போனார். நான் இறங்கி பீடி பற்றவைத்தேன். வண்டி பின்னால் உருண்டது. பின்னால் ஒரு புளியமரம். மரத்துக்கும் கழிக்கும் நடுவில் அவர். விழுப்புரம் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

"கியர்ல போடாம உட்டுட்டு பீடி குடிச்சிக்கினு இருந்தான்" என்று ஊர் சொன்னது. தங்கச்சியும் அதைத்தான் நம்பினாள். கியரில் போட்டது என் கைக்குத் தெரியும். போலீஸ்காரர்கள் என் வண்டியை விட்டதும் நேராக பாய் பட்டறைக்கு ஓட்டிப் போனேன்.

பாய் கோட்டக்குப்பத்து ஆள். திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டில் பட்டறை. ஒருதரம் குவைத்துக்கு வேலைக்குப் போய் ஆறு மாசத்தில் திரும்பிவிட்டார். கேட்டால், "அங்க எல்லாம் புது வண்டி. கெட்டே போவ மாட்டுது. நான் என்னாத்த பண்றது" என்பார். மிலிட்டரி வண்டி என்றால் சுற்றுவட்டாரத்தில் அவர்தான்.

என் வண்டியில் கியர் பாக்ஸுக்குப் பின்னால் இன்னொரு பெட்டி உண்டு, டிரான்ஸ்பர் கேஸ் என்பார்கள். எஞ்சின் பலத்தை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதான். அதற்குத் தனி லீவர். அந்த லீவர் நடுவில் வந்து நின்றுவிட்டால், கியரில் போட்டிருந்தும் ஒன்றுதான், போடாமல் இருந்தும் ஒன்றுதான். சக்கரம் சும்மா உருளும்.

முதல் நாள் பாய் அடியில் படுத்து எண்ணெய் பார்த்தார். சரியாக இருந்தது. பெட்டியைத் தாங்குகிற ரப்பர் நைந்திருக்கிறதா, லீவர் புஷ் தேய்ந்திருக்கிறதா, எல்லாம் பார்த்தார். ஒன்றுமில்லை. ரெண்டாம் நாள் திண்டிவனத்திலேயே கிடங்கல் ஏரிக்கரை மேட்டில் கியரில் போட்டு நிறுத்தினோம். மதியம்வரை வண்டி அசையவில்லை.

"அன்னைக்கு எம்மாம் கழி ஏத்தியிருந்த?" என்றார்.

"முழு லோடு பாய்."

"வெறும் வண்டிய நிறுத்திக்கினு நாம என்னாத்த பாக்கறோம்? ஏத்து."

மூணாம் நாள் கழி ஏற்றி, மரக்காணம்வரை போய், வண்டி சூடேறித் திரும்பினோம். அதே மேடு. பின் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி பாய் ரெண்டு பெரிய கல் வைத்தார். முதல் கியர் போட்டு எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, கதவைத் திறந்துவைத்து லீவரையே பார்த்தோம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு நகத்தளவு நகர்ந்தது. அப்புறம் டக்கென்று நடுவில் வந்து உட்கார்ந்தது. வண்டி உருண்டு கல்லில் இடித்து நின்றது.

 பட்டறைக்கு வந்து பாய் பெட்டியைப் பிரித்தார். லீவரை அதன் இடத்தில் பிடித்துவைப்பது ஒரு இரும்புக் குண்டும், அதை அழுத்துகிற சின்ன ஸ்பிரிங்கும்தான். ஸ்பிரிங்கைக் கையில் எடுத்தவர் அதை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"துரை, இது நான் மாட்டினது" என்றார்.

அதற்கு முந்தின மாசம்தான் எண்ணெய் ஒழுகுகிறது என்று அவரிடம் விட்டிருந்தேன். ஸ்பிரிங் தளர்ந்திருந்ததாம். புதுசு கிடைக்கவில்லை என்று கையால் இழுத்து நீளமாக்கி மாட்டியிருக்கிறார். இழுத்த ஸ்பிரிங் சூட்டிலும் லோடிலும் பழையபடி தளர்ந்து குண்டை விட்டுவிடும், லீவர் நடுவுக்கு வந்துவிடும்.

"என் தங்கச்சிகிட்ட வந்து இத சொல்லுங்க பாய்."

"வர்றேன்."

மச்சானின் பதினாறாம் நாள் காரியத்துக்குக் கோலியனூரில் தங்கச்சி வீட்டுக்கு வந்தார். சொந்தக்காரர் எல்லாரும் இருந்தார்கள். நான் எழுந்து, "பாய், வண்டியில என்னா இருந்துதுன்னு சொல்லுங்க" என்றேன். வீரம்மாள் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பாய் தரையைப் பார்த்துக்கொண்டு, "நீ கல்லு வச்சிருக்கணும் துரை" என்றார். அவ்வளவுதான். டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றோடு தங்கச்சி என்னிடம் பேச்சை நிறுத்தினாள். நான் பாய் பட்டறைக்குப் போவதை நிறுத்தினேன். ஆனால் அவரைப் பற்றிக் காதில் விழுந்துகொண்டே இருந்தது. முழு லோடு ஏற்றி ஓட்டிப் பார்க்காமல் எந்த வண்டியையும் வெளியே விடமாட்டாராம். பழைய ஸ்பிரிங் எதையும் திரும்ப மாட்டமாட்டாராம். புதுசு வரும்வரை வண்டி மாசக்கணக்கில் நிற்கும். சமதரையில் நிற்கிற வண்டிக்கும் கல் வைப்பாராம். "பேஜாரு பாய்" என்று டிரைவர்கள் பேர் வைத்து, ஒவ்வொருவராக வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள்.

எண்பத்தெட்டு ஆனியில் அவர் சம்சாரம் ஜுலைகா பீவியிடமிருந்து கார்டு வந்தது. பாய்க்கு நுரையீரல் கெட்டுப்போச்சு, உங்களைப் பார்க்கணும் என்கிறார் என்று. போகக்கூடாது என்றுதான் இருந்தேன். அதே பிக்கப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

பட்டறைக்குப் பின்னால் இருந்த வீட்டில் படுத்திருந்தார். பாதி ஆளாகியிருந்தார்.

"உன் தங்கச்சி பொண்ணு சின்னபொண்ணுக்கு ஆவணில கல்யாணமாமே."

"எனக்குப் பத்திரிகை வரல."

"தாய்மாமன் நீ இல்லாம யாரு மணையில உட்கார வைப்பாங்க?"

"அன்னைக்கே நீங்க வாயத் தொறந்திருந்தா இந்தக் கேள்வியே இல்ல."

"ஆமா." மூச்சு வாங்கிக்கொண்டார். "பட்டறையில பதினோரு வண்டி நின்னுக்கினு இருந்துது. சொன்னா அத்தனையும் பூடும்னு பயந்துட்டேன். அப்புறம் பாத்தா எப்படியும் பூட்ச்சு."

தலையணைக்கு அடியிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்து நீட்டினார். உள்ளே அந்த ஸ்பிரிங், எண்ணெய் தடவி, துரு இல்லாமல்.

"வீரம்மா கிட்ட நீங்களே சொல்லுங்க பாய். இங்க இட்டுக்கினு வர்றேன்."

"சொன்னா நம்பாது. சாவப்போறவன் என்னாமோ ஒளர்றான்னு நெனைக்கும். கண்ணால பாக்கட்டும். உன் வண்டியில அப்புறம் நான் மாட்டின புது ஸ்பிரிங்க கழட்டிட்டு இத மாட்டு. அன்னைக்கு ஏத்தினாப்பல கழி ஏத்து. மரக்காணம் வரைக்கும் போய் வா, சூடேறட்டும். வீரம்மாவ இட்டுக்கினு வந்து கிடங்கல் ஏரிக்கரையில வண்டிக் கதவாண்ட, கொஞ்சம் தள்ளி நிக்க வையி. கியரு நீ போட வேணாம், அதையே போடச் சொல்லு. அப்புறம் லீவரப் பாக்கச் சொல்லு."

இருமல் வந்தது. ஜுலைகா பீவி தண்ணீர் கொண்டுவந்தார். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மொதல்ல கல்லு வை, துரை. ரெண்டு சக்கரத்துக்கும் வை."