முட்டையிலும் ட்ரிப்டோபான் இல்லை

ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் உரிமை கிடைத்த முதல் வாரமே வம்பில் மாட்டிக்கொண்டேன். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் எங்கள் உணவுப் பரிசோதனை லேப். கருவடிக்குப்பத்தில் சத்துமாவு அரைக்கும் வசந்தா, ஒரு பள்ளி விடுதி ஆர்டருக்காகச் சாம்பிள் கொடுத்திருந்தார். அதன் புரதத்தில் எந்தெந்த அமினோ அமிலம் எவ்வளவு என்று நாங்கள் எழுதித் தர வேண்டும்.

அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலிதான் புரதம். மாவை ஆசிடில் ஒரு நாள் முழுக்கச் சூடாக்கினால் சங்கிலி அறுந்து, ஒவ்வொன்றும் மெஷின் வரையும் கோட்டில் தனித்தனி முகடாக, எங்கள் பேச்சில் பீக்காக, எழும். புத்தகத்தில் இருபது பெயர், என் சார்ட்டில் பதினேழுதான். அஸ்பராஜின், குளுட்டமின், ட்ரிப்டோபான் மூன்றையும் காணோம். ட்ரிப்டோபானோ உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாதது, சாப்பாட்டிலிருந்தே வர வேண்டும். மூன்று முறை எண்ணினேன், ஒன்றும் புரியவில்லை. கடைசியில் “ட்ரிப்டோபான்: இல்லை” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை வசந்தா ரிப்போர்ட்டோடு வந்து நின்றார்.

“என்னாங்க மேடம், சோயா போட்டுருக்கேன், வேர்க்கடலை போட்டுருக்கேன். இது இல்லன்னா ஆர்டர் குடுக்க மாட்டாங்க. வெள்ளிக்கிழம கடைசி நாளு.”

“மெஷின் காட்டுறதத்தான் எழுத முடியும்” என்றேன் கறாராக. சோயாவைக் குறைத்துவிட்டாரோ என்று சந்தேகம் வேறு.

“அது கண்டிப்பா எதுல இருக்கும், சொல்லுங்க.”

“முட்டையில.”

எதிர்க்கடைக்குப் போய் ஒரு முட்டை வாங்கி வந்து என் மேசையில் வைத்தார். “இதையும் போட்டுப் பாருங்க. இதுல அது இருந்து, என்னுதுல மட்டும் இல்லன்னா பேசாம போயிடறேன்.”

புதன்கிழமை பார்த்தால் முட்டையிலும் பூஜ்யம். லேப் ஹெட் ஆரோக்கியராஜ் சாரிடம் ஓடினேன்.

“ஏம்மா, ஆசிட்ல போட்டா ட்ரிப்டோபான் அழிஞ்சிடும். அதுக்குக் காரத்துல தனியா போடணும். மத்த ரெண்டும் அஸ்பார்ட்டிக், குளுட்டாமிக் ஆசிடா மாறி அதுங்க பீக்லயே சேந்துடும். மூணும் தனியா எப்படித் தெரியும்?”

நானே அழித்துவிட்டு இல்லை என்று எழுதியிருக்கிறேன். போதாக்குறைக்கு அந்த அம்மாவைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

காரத்தில் போட்டதும் பீக் எழுந்தது. வெள்ளிக்கிழமை காலை புது ரிப்போர்ட்டை நானே ஸ்கூட்டியில் கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். ஆர்டர் அவருக்கே கிடைத்தது.

அன்றிலிருந்து சோதனையில் தெரியாத எதையும் “இல்லை” என்று எழுதுவதில்லை. “இந்த முறையில் பார்க்கவில்லை” என்றுதான் எழுதுகிறேன்.

வசந்தா இப்போதும் எங்களிடம்தான் சாம்பிள் கொடுக்கிறார். கூடவே ஒரு முட்டையும் வைத்துவிட்டுப் போகிறார்.


“உங்கள நம்பறேன் மேடம். இருந்தாலும் இது இருக்கட்டும்.”