செர்வரில் தொங்கிய டேக்

நீங்கள் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர் என்பதால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன், கேட்டுவிட்டுச் சிரித்தாலும் பரவாயில்லை. பேய், ஆவி இதெல்லாம் எனக்குச் சுத்தமாக ஆகாது. பதினாறு வருடமாக மூக்கண்டப்பள்ளிப் பக்கம் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீசியன் நான். பிரஸ் மெஷின் பக்கம் யாரோ முனகுகிறார்கள் என்று ஆட்கள் ஷிப்டுக்கு வர மறுத்தபோது, தனியாகப் போய்ப் பிரித்துப் பார்த்து, பேரிங்குக்கு கிரீஸ் வைத்து அந்தப் பேயை ஓட்டியவன். பேய் என்றால் பாதி லூஸ் கனெக்‌ஷன், மீதி தூக்கக் கலக்கம் என்று கேன்டீனில் எல்லோரையும் கிண்டல் செய்துகொண்டு திரிந்தவன்.

நாகு என் மனைவி மஞ்சுவின் தம்பி. கெலமங்கலத்துக்காரர்கள், வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், அதனால் என்னை மாமா என்று சொல்லாமல் பாவா என்றுதான் கூப்பிடுவான். என் டிபார்ட்மென்டிலேயே நான்தான் அவனைச் சேர்த்துவிட்டேன். கம்ப்யூட்டர் என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். கம்பெனி கழித்துப் போட்ட பழைய பெட்டி ஒன்றை வாங்கி வந்து, லினக்ஸ் ஏற்றி, எங்கள் ஹாலில் டிவிக்குக் கீழே வைத்து அதற்குச் செர்வர் என்று பெயரும் வைத்தான். உள்ளே ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனி கன்டெய்னரில் இருக்கும், டிபன் கேரியர் மாதிரி பாவா, ஒரு தட்டு கொட்டினாலும் இன்னொரு தட்டுக்கு ஒன்றும் ஆகாது என்பான். மஞ்சுவின் போன் நிறைந்துபோய்த் திணறியபோது, அதிலிருந்த போட்டோ எல்லாவற்றையும் செர்வருக்கு மாற்றிவிட்டு போனில் இருந்ததை அழித்துக் கொடுத்தான். அக்கா தம்பி சேர்ந்து எடுத்த படங்கள் பூராவும் அதற்குப் பிறகு அந்தப் பெட்டியில் மட்டும்தான்.

எங்கள் வேலையில் ஒரு கட்டாயம் உண்டு. மெஷினில் கை வைப்பதற்கு முன் மெயின் சுவிட்சை அணைத்து, பூட்டுப் போட்டு, நம் பெயர் எழுதிய டேக்கைத் தொங்கவிட வேண்டும். உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். போட்டவன்தான் எடுக்க வேண்டும், அவன் மறந்து வீட்டுக்குப் போய்விட்டால் போன் போட்டு வரவழைப்போமே தவிர இன்னொருவன் தொட மாட்டான். நாகு இந்தப் பழக்கத்தைச் செர்வரிலும் கொண்டுவந்தான். அதில் வேலை செய்யும்போது டேக்-நாகு என்று ஒரு காலி ஃபைல் போட்டு வைப்பான், முடிந்ததும் அழித்துவிடுவான், அது இருக்கும்வரை நான் எதிலும் கை வைக்கக் கூடாது.

போன வருடம் காமாலை முற்றி, பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப்போனான். இருபத்தாறு வயது. காரியம் முடிந்த கையோடு செர்வரில் அவனுடைய லாகினை நான் அழித்துவிட்டேன். கம்பெனியை விட்டுப் போனவர்களுக்கு அப்படித்தானே செய்வார்கள், அந்தப் புத்தி. இப்போது நினைத்தால் எனக்கே என் மேல் வெறுப்பாக இருக்கிறது.

முதல் வருடத் திதிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் கெலமங்கலத்தில் வைக்க அவன் படத்தைப் பெரிதாக்கி ஃபிரேம் போட வேண்டும், ஸ்டுடியோக்காரர் ஆறு மணிவரைதான் இருப்பேன் என்றிருந்தார். சனிக்கிழமை பராமரிப்புக்காக நாள் பூராவும் கரண்ட் இல்லை. ஞாயிறு மதியம் செர்வரைத் திறந்தால் போட்டோ கன்டெய்னர் எழுந்திருக்கவே இல்லை. ரீஸ்டார்டிங், ரீஸ்டார்டிங் என்று மட்டும் காட்டியது, ஒரு நொடி எழும், உடனே விழும்.

"ஏங்க, ஆச்சா?" என்று மஞ்சு வாசல்படியிலிருந்து கேட்டாள்.

"இரு, பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"அவன் மொகம் அதுல மட்டுந்தாங்க இருக்குது. போயிடுச்சின்னா நான் எங்கன்னு போயித் தேடுவேன்?"

கூகுளில் தேடினால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒருவர், எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் புதிதாக ஏற்றினால் சரியாகும் என்று ஒரு வரி கொடுத்திருந்தார், கடைசியில் ஒரு சின்ன 'வி' எழுத்தோடு. மெஷினை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவது போலத்தானே, நமக்குத் தெரிந்த வைத்தியம் என்று நினைத்தேன். ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் டேக்-நாகு கிடந்தது. போன வருடத் தேதி. காய்ச்சலோடு உட்கார்ந்து ஏதோ செய்தவன் பாதியில் எழுந்து போயிருக்கிறான். போட்டவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 1001 என்று வெறும் எண், லாகினோடு அவன் பெயரை நான்தான் அழித்துவிட்டேனே, அவனுக்குச் செர்வர் கொடுத்திருந்த எண் மட்டும் மிச்சம். செத்தவன் எப்படி வந்து எடுப்பான் என்று அதை அழித்தேன்.

அந்த வரியை டைப் செய்துவிட்டு, எலக்ட்ரீசியன் புத்தி, என்டரைத் தட்டுவதற்கு முன் இன்னொரு ஜன்னலில் ஃபோல்டரை ஒரு தரம் பார்த்தேன். டேக்-நாகு இருந்தது. அன்றைய தேதி. மணி மூன்று பன்னிரண்டு. சுவரில் பார்த்தேன், கடிகாரமும் மூன்று பன்னிரண்டு.

சரியாக அழிக்கவில்லை போல என்று திரும்ப அழித்தேன். மூன்று பதிமூன்றுக்கு வந்தது. எவனோ வெளியிலிருந்து உள்ளே புகுந்துவிட்டான் என்று இன்டர்நெட் வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு மறுபடி அழித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், மூன்று பதினான்குக்கு வந்தது, 1001 என்ற அதே எண்ணோடு. பட்டப்பகல், வெளியே தெருவில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். நாலாவது முறை அழிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த வரியைத் தட்டவும் இல்லை.

கீபோர்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து வெளியே வந்தேன்.

"என்னாங்க, வுட்டுட்டு வந்துட்டீங்க?"

"உள்ள ஆள் இருக்கான் மஞ்சு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள், யார் என்று கேட்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம், வீட்டுக்கு ஒரே வாசல், அதிலும் நாங்கள்தான் இருந்தோம், ஒருவரும் உள்ளே போகவில்லை.

நான்கு மணிக்குப் போய்ப் பார்த்தேன். டேக் இல்லை. கன்டெய்னர் எல்லாம் எழுந்து ஓடிக்கொண்டிருந்தது, போட்டோக்கள் வரிசையாக வந்தன. மஞ்சு ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்தாள், பாகலூர் ரோட்டில் ஸ்டுடியோக்காரர் ஷட்டரை இறக்குவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம். அந்த 'வி' என்ன என்று பிறகு படித்தேன். கன்டெய்னரோடு அதற்குள் சேர்த்து வைத்தவற்றையும் தடம் இல்லாமல் அழிக்கச் சொல்வதாம். தட்டியிருந்தால் மஞ்சு முகத்தில் விழித்திருக்க முடியாது.

நீங்கள் சொல்லப் போவது தெரியும். ஏதோ கன்டெய்னருக்கு 1001 என்ற எண் இருந்திருக்கும், நாகு எழுதி வைத்த தானியங்கி வேலை ஏதாவது ஓடியிருக்கும், பத்துத் தரம் விழுந்தது பதினோராவது தரம் தானாக எழுந்திருக்கும். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன், ஒரு வாரம் தேடியும் அப்படி ஒன்று கிடைக்கவில்லை. சரி, கிடைக்காததால் இல்லை என்று ஆகிவிடாது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று மட்டும் இருக்கிறது, மஞ்சுவிடம்கூட நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், மூக்கில் டியூபோடு, கண் எல்லாம் மஞ்சளாக அவன் கிடந்தபோது நான் ஒரு போட்டோ எடுத்தேன். எதற்கு எடுத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. ஊசி குத்திய கையைத் தூக்கி, "வேணாம் பாவா" என்றான், நான் அதற்குள் எடுத்துவிட்டேன். யாரிடமும் காட்டாமல், தனியாக ஒரு ஃபோல்டர் போட்டுச் செர்வரில் வைத்துவிட்டுப் போனில் அழித்துவிட்டேன். அந்த ஞாயிறு ராத்திரி மஞ்சு தூங்கிய பிறகு பார்த்தேன். மற்ற படம் ஒன்றுகூடக் குறையவில்லை. ஃபோல்டரும் இருந்தது, இப்போதும் இருக்கிறது, உள்ளே அந்தப் படம் மட்டும் இல்லை.