டமார் என்றதும் ஓடி வந்த இருவர்

இந்தச் சொகுசுக் கப்பலில் குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு விளையாட்டு அறை. இன்று ஏழு வயது மகளை அங்கே விட்டுவிட்டு மேல்தளத்துக்கு வந்தேன். இருப்புக் கொள்ளவில்லை. நாலு தடவை கீழே போய் எட்டிப் பார்த்தேன்.

"கடலப் பாக்க வந்துட்டு அந்தக் கதவையே பாத்துக்கிட்டு அலையிறியே, செத்த உக்காரு" என்றார் கணவர்.

உட்கார்ந்தேன். கீழே டமார் என்று ஒரு சத்தம்.

எங்கள் சிவகாசியில் சத்தம் கேட்டால் முதலில் புகை எந்தப் பக்கம் என்று பார்ப்போம். அடுத்து, பட்டாசு ஆலை வேலைக்குப் போனவர்களுக்குப் போன் அடிப்போம். நடுக்கடலில் புகையும் இல்லை, சிக்னலும் இல்லை. செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

பெரிய பிறந்தநாள் பலூன் ஒன்று வெடித்ததாம். பிள்ளைகள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"திரும்பவும் வந்துட்டியாம்மா?" என்று மகள் முகத்தைச் சுளித்தாள்.

வாசலில் இன்னொரு அம்மாவும் வெறுங்காலோடு மூச்சு வாங்க நின்றார். கப்பல் நிறையப் பெற்றோர் டீ குடித்துக்கொண்டு இருந்தும் ஓடி வந்தது நாங்கள் இருவர்தான்.

"சாத்தூரா?" என்றேன்.

"எம். புதுப்பட்டி. நீங்க ஓடி வந்தீகளே, அப்பவே நம்ம பக்கம்னு தெரிஞ்சிருச்சு."

இப்போது இருவரும் அந்த வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறோம்.

மற்ற ஊர் அம்மாக்களே, டமார் என்று கேட்டால் நீங்களெல்லாம் நிஜமாகவே டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பீர்களா?