ஏப்ரல் சம்பளத்தின் பிரதி

2004 மே 11, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். தேநீர் போட்டு, இரண்டு துண்டு பாணில் பழுப்புச் சீஸ் வைத்துச் சாப்பிட்டேன். எல்லிங்ஸ்ருட்டில் நிலக்கீழ் ரயில் ஏறி, வழக்கம் போல ஏழு மணிக்கு அலுவலக வாசலை அடைந்தேன். உள்ளே போகவில்லை. வேலைநிறுத்தம் முந்தைய வாரம் தொடங்கியிருந்தது. அலுவலகத்தில் இருக்கும் அதே நேரத்துக்கு வெளியே நிற்பது என்பது எங்கள் சங்கத்தின் ஏற்பாடு. மழை தூறியது. மூன்று மணி வரை நின்றுவிட்டு வீடு திரும்பினேன்.

விமான நிலையங்களில் வேலை செய்கிறவர்களுக்குச் சம்பளம் கணக்கிடும் பிரிவு எங்களுடையது. கோபுரத்தில் இருந்து விமானங்களை இறக்கி ஏற்றும் கட்டுப்பாட்டாளர்கள் வேறு சங்கத்தைச் சேர்ந்தவர்கள். அவர்கள் வேலைநிறுத்தம் செய்யவில்லை. ஆகவே விமானங்கள் பறந்தன. அவற்றைப் பறக்க விடுகிறவர்களுக்குச் சம்பளம் போடுகிறவர்கள் மட்டும் தெருவில் நின்றோம்.

சம்பள நாள் வெள்ளிக்கிழமை. உள்ளே மிஞ்சியிருந்தவர் எங்கள் பிரிவுத் தலைவர் ஒருவர்தான். அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஏப்ரல் மாதச் சம்பளத்தின் பிரதியை அப்படியே மீண்டும் வங்கிக்கு அனுப்புவது, கூடுதல் குறைவை வேலைநிறுத்தம் முடிந்தபின் சரிசெய்வது. பெரும்பாலானோருக்கு அதில் குறையில்லை. ஆனால் மே மாதத் தொடக்கத்தில் ஐந்து புதிய கட்டுப்பாட்டாளர்கள் வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள். ஏப்ரலில் அவர்கள் இல்லை, ஆகவே பிரதியிலும் இருக்கமாட்டார்கள். மாதாமாதம் புதியவர்களைச் சேர்ப்பது என் வேலை. அது தலைவருக்கு நினைவிருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

மாலை ஆறு மணிக்கு லோறென்ஸ்கூக்கில் இருந்து என் நண்பர் வந்தார். கூடவே அவருடைய மகள். இங்கே நோர்வேயிலேயே பிறந்து வளர்ந்தவள். அந்த ஐந்து பேரில் ஒருத்தி. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சின்ன வாடகை வீடு ஒன்று பார்த்திருந்தாள். பெற்றோர் வீட்டில் இருந்து முதல் பஸ்ஸில் போனாலும் விடியற்காலைப் பணிக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. நண்பரோ பேக்கரியில் இரவு வேலை செய்கிறவர். அந்நேரம் அவளைக் காரில் கொண்டுபோய் விட அவரால் முடியாது. வெள்ளிக்கிழமை முற்பணம் கட்டாவிட்டால் வீடு அடுத்த ஆளுக்குப் போய்விடும். அவள் முதல் சம்பளத்தைத்தான் நம்பியிருந்தாள்.

"மச்சான், பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை சம்பளம் வருமோ?" என்று நண்பர் கேட்டார்.

"வராது போலத்தான் கிடக்கு" என்று காரணத்தைச் சொன்னேன்.

"அப்ப நீ ஒருக்கா உள்ளுக்குப் போய் அஞ்சு பேரையும் போட்டிட்டு வாவன். பத்து நிமிச வேலைதானே. ஆர் பாக்கப் போகினம்?"

நான் பதில் சொல்லுமுன் மகள் குறுக்கிட்டாள். "அப்பா! அது ஸ்ட்ரைக்கை உடைக்கிற வேலை. பிறகு மாமா அந்த ஆக்களின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது?"

"நீ வீட்டுக்காரன்ர முகத்தில எப்பிடி முழிக்கப் போறாய்? அதைச் சொல்லு முதல்."

"ஒரு கிழமை தவணை கேட்டுப் பாக்கிறன்."

"ஓமோம், கேளு. நீ சொன்னா விமானம் இறங்கும் பிள்ளை. வீட்டுக்காரன் இறங்கான்."

பாதிப் பணத்தை நான் தருவதாகச் சொன்னேன். அவள் தலையாட்டி மறுத்தாள். "வேலை செய்த காசு வர இருக்கேக்க ஏன் மாமா கடன்? மற்ற நாலு பேருக்கும் நீங்களோ குடுக்கப் போறீங்கள்?" பிறகு எங்கள் பிரிவுத் தலைவரைப் பற்றிக் கேட்டாள். "உங்கட ஷெஃபுக்கு இது தெரியுமோ?"

"தெரிஞ்சிருக்கும் எண்டு நினைக்கிறன்."

"நினைக்கிறதெல்லாம் சரிவராது மாமா. டவரில நாங்கள் ஒண்டைச் சொன்னா பைலட் அதைத் திருப்பிச் சொல்லோணும். சொல்லாட்டி அவருக்குக் கேக்கேல்லை எண்டுதான் கணக்கு. ஆராவது ஷெஃபுக்குச் சொல்லி, அவர் திருப்பிச் சொன்னவரோ?"

யாரும் சொல்லவில்லை. தலைவருக்கு எதையாவது சொல்வதும் வேலை செய்ததாகிவிடும் என்று எண்ணி நான் வாயைத் திறக்காமல் இருந்தேன். இப்போது, சங்கத்தின் வேலைநிறுத்தக் குழுவை நடத்தும் பெண்ணைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். அவர் யோசிக்கவேயில்லை. சொல்வது வேலையல்ல, விசைப்பலகையைத் தொடுவதுதான் வேலை. எப்படிச் செய்வது என்று மட்டும் கற்றுக்கொடுக்காதே என்றார்.

அடுத்து பிரிவுத் தலைவரின் வீட்டுக்கு அழைப்பு எடுத்தேன். ஏப்ரல் பிரதியில் புதிய கட்டுப்பாட்டாளர்கள் ஐவரும் இல்லை என்றேன். மகள் எனக்கெதிரே நின்று, திருப்பிச் சொல்லச் சொல்லுமாறு கையால் காட்டினாள். கூச்சமாக இருந்தாலும் கேட்டேன். மே மாதம் சேர்ந்த ஐந்து பேர், ஏப்ரலில் இல்லை, வெள்ளிக்கிழமை பணம் போகாது என்று அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் மறந்துதான் போயிருந்தார்.

"அவர்களை எப்படிச் சேர்ப்பது?" என்று கேட்டார்.

"அதை நான் சொல்ல முடியாது."

"முடியாதுதான்" என்றார். எரிச்சல் குரலில் தெரிந்தது. பிறகு அவரே ஒரு வழி சொன்னார். சம்பளக் கணினியைத் தொடாமல் வங்கி வழியாக நேரடியாக முன்பணம் அனுப்ப அவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் ஒவ்வொருவரும் வங்கிக் கணக்கு எண்ணை எழுதி, கையெழுத்திட்டுக் கேட்க வேண்டும். மறுநாள் காலையே கிடைத்தால் வெள்ளிக்கிழமைக்குள் பணம் போய்ச் சேரும்.

மகள் என் தொலைபேசியிலேயே மற்ற நால்வரையும் அழைத்தாள். இருவர் அன்றிரவு கோபுரத்தில் பணியில் இருந்தார்கள், இருவர் வீட்டில்.

"பத்து நிமிச வேலைக்கு இவ்வளவு அலைச்சல்" என்றார் நண்பர். ஆனால் எழுந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டார். "வா பிள்ளை. இண்டைக்கு எனக்கு லீவு. முதல் டவருக்குப் போவம், பிறகு மற்ற ரெண்டு வீட்டுக்கும்."

மே 12, புதன்கிழமை. ஏழு மணிக்கு நான் வாசலுக்குப் போனபோது அவள் முன்பே வந்து நின்றாள். கையில் ஐந்து தாள்கள். கதவு அவளுக்குப் பக்கத்தில்தான் இருந்தது, ஆனால் அவள் உள்ளே போயிருக்கவில்லை. நான் முன்தினம் தொலைபேசியில் கேட்ட வேலைநிறுத்தக் குழுத் தலைவியிடம் போய், தான் யார், எதற்காக வந்தாள் என்று நோர்வேஜிய மொழியில் சொல்லி, எங்கள் வரிசையைத் தாண்டிப் போகலாமா என்று கேட்டாள். தலைவி தாள்களைப் பார்க்கவில்லை. போ என்று விலகி நின்றார். நாங்களும் விலகினோம்.

பிரிவுத் தலைவர் கீழே வந்து கதவைத் திறந்தார். கால் மணி நேரத்தில் அவள் திரும்பி வந்தாள்.

"அனுப்பிட்டார் மாமா, அஞ்சு பேருக்கும். நான் பாத்துக்கொண்டு நிண்டனான். மேசையில கடிதங்கள் குவிஞ்சு கிடக்கு, ஒண்டையும் அவர் இன்னும் உடைக்கேல்லை. தபாலில போட்டிருந்தா இதுவும் அதுக்குள்ளதான் கிடந்திருக்கும்."